வீட்டை விற்கும் முன் ஹீட்டிங் ஆயில் டேங்க்: நியூ ஜெர்சி வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் 1950-களில் கட்டிய ஒரு வீட்டில் பதினொரு வருடம் குடியிருந்தோம். கேஸ் ஹீட்டிங். வாங்கும்போது, வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைச் சேர்த்து வைக்கும் டேங்க் பற்றி யாரும் பேசவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. விற்கப் போனபோது, வாங்க வந்தவர்கள் அனுப்பிய ஆள் முன்வாசல் செடிகளுக்குப் பக்கத்தில் உலோகம் தேடும் கருவியை நீட்டினார். அது விடாமல் கத்தியது. மண்ணுக்குள் 550 கேலன் இரும்பு டேங்க், அடியில் ஓட்டைகளோடு கிடந்தது. வாங்க வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வீடு கைமாற ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அதிலிருந்து, வீடு விற்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் டேங்கைப் பாருங்கள் என்றுதான் சொல்லிவருகிறேன். அப்படிச் சொல்லும்போது நண்பர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கேஸ்தான். எங்களுக்கு இது எதற்கு?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஆயிலில் ஓடும் வீட்டுக்காரருக்குத் தன் டேங்க் எங்கே இருக்கிறது என்று தெரியும், ஒவ்வொரு குளிர்காலத்திலும் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகிறது. கேஸுக்கு மாறிய வீட்டில்தான் டேங்க் மறந்துபோகிறது.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பல முதலில் நிலக்கரியில் சூடேறின. அப்புறம் ஆயில் வந்தது. தெருவுக்குக் கேஸ் குழாய் வந்ததும் பலர் அதற்கு மாறினார்கள். மாறும்போது டேங்கைத் தோண்டி எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் யாருக்கும் இருக்கவில்லை. குழாயைத் துண்டித்துவிட்டு, மேலே புல் வளரவிட்டார்கள். சிலர் உள்ளே இருந்த எண்ணெயைக்கூட எடுக்கவில்லை. வீடு இரண்டு மூன்று கை மாறியபின் அந்த நினைவும் போய்விட்டது. உங்கள் வீடு 1980-க்கு முன் கட்டியது என்றால், இல்லை என்று உறுதியாகும்வரை டேங்க் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நானே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பேஸ்மெண்டில் இறங்குங்கள். இறங்கும் படிக்கு மேலே, சுவரில் சிவப்புத் தகடு போட்ட சுவிட்ச் இருக்கிறதா? அது பெரும்பாலும் ஆயில் பர்னரை அவசரத்துக்கு நிறுத்த வைத்த சுவிட்ச். கேஸ் வந்தபிறகும் பல வீடுகளில் அதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். அடுத்து பாய்லர் அல்லது ஃபர்னஸ் நிற்கும் இடத்தின் தரையையும் பக்கத்துச் சுவரையும் பாருங்கள். சுண்டுவிரலைவிட மெலிந்த செப்புக் குழாய் ஒன்றோ இரண்டோ, முனையை நசுக்கி மடித்தபடி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கலாம். எண்ணெய் வந்த வழி அதுதான். குழாயை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தால், அந்தப் பூச்சின் நிறம் சுற்றியுள்ள சுவரோடு ஒட்டாது.

வெளியே வந்து, அந்த இடத்துக்கு நேராக உள்ள வெளிச்சுவரை ஒட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலக் குழாய் தரைமட்டத்தில் இரும்பு மூடியோடு இருக்கலாம், அது எண்ணெய் ஊற்றும் ஃபில் பைப். அதைவிடச் சற்றுச் சிறிய குழாய் சுவரோரம் எழும்பி, நுனியில் காளான் போன்ற தொப்பியோடு நிற்கலாம், அது காற்று வெளியேறும் வென்ட் பைப். எங்கள் வீட்டில் அந்த வென்ட் பைப் ஹைட்ரேஞ்சா செடிக்குள் மறைந்திருந்தது. பதினொரு வருடம் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

உங்கள் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பின் கட்டுமான அலுவலகத்தில் உங்கள் வீட்டின் பழைய பெர்மிட் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கேஸுக்கு மாறிய வருடம், டேங்க் எடுத்த பெர்மிட் ஏதாவது இருந்தால் அதில் தெரியும். கோப்பில் எதுவும் இல்லை என்றால் டேங்க் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டேங்க் ஸ்வீப் என்கிறார்களே, அது என்ன?

மண்ணுக்குள் டேங்க் கிடக்கிறதா என்று கருவி வைத்துத் தேடுவதுதான். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு ஓர் ஆள் வீட்டைச் சுற்றி நடப்பார். சந்தேகமான இடத்தில் நிலத்துக்குள் ரேடியோ அலையை அனுப்பிப் பார்க்கும் ரேடாரை, குழந்தை வண்டியைத் தள்ளுவதுபோல் தள்ளிப் பார்ப்பார். சில நூறு டாலர், ஒன்றிரண்டு மணி நேரம். இங்கே பழைய வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாமல் வாங்குவதில்லை. அவர்கள் செய்யப்போவதை நீங்கள் இரண்டு மாதம் முன்பே செய்தால், வந்த முடிவை என்ன செய்வது என்று யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்த நேரம் கிடைக்காது.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. கம்பி போட்ட கான்கிரீட், நிறுத்திய கார், இரும்பு வேலி இவையெல்லாம் கருவியைக் குழப்பும். பிற்பாடு கட்டிய அறைக்கோ டெக்குக்கோ அடியில் டேங்க் இருந்தால் தப்பிவிடலாம். அதனால் அறிக்கையில் எந்தெந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்களா என்று படியுங்கள். ஆள் வரும் நாளில் டிரைவ்வேயிலிருந்து காரை எடுத்துவிடுங்கள்.

எங்களுடையது பேஸ்மெண்டில் நிற்கும் டேங்க். அதில் என்ன பார்ப்பது?

பேஸ்மெண்டில் பெரும்பாலும் இருப்பது 275 கேலன் டேங்க், லிட்டரில் ஆயிரத்துக்குச் சற்று மேல். நாலு காலில் நிற்கும், நீள்வட்டமான இரும்புப் பெட்டி. முதலில் அதன் அடிவயிற்றைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, டார்ச்சை அடியில் நீட்டி, ஒரு வெள்ளைக் காகிதத் துண்டால் அடிப்பகுதி முழுக்கத் துடைத்தெடுங்கள். காகிதத்தில் துருப்பொடி மட்டும் வந்தால் அது மேல்துரு, உடனே பயப்பட வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் டீசல் நெடியும் வந்தால் கசிவு தொடங்கியிருக்கிறது. இரும்பில் அம்மைத் தழும்பு போல் கொப்புளங்கள் இருந்தால் அந்த இடத்தில் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. இந்த நிலைக்கு வந்த டேங்குக்கு ஒட்டுப் போட்டு விற்கப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அடுத்து கால்கள். ஈரத் தரையில் நின்று கால் துருப்பிடித்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? நிறைந்த டேங்கில் இருக்கும் எண்ணெயே 1,900 பவுண்டுக்கு மேல் எடை. அது சரிந்தால் பேஸ்மெண்டே போய்விடும்.

டேங்கிலிருந்து பர்னருக்குப் போகும் செப்புக் குழாய் கான்கிரீட் தரைக்குள் வெறுமனே புதைந்து போகிறதா என்றும் பாருங்கள். சிமெண்டோடு ஒட்டிக் கிடக்கும் செம்பு அரித்துப்போகும், கசிந்தாலும் வெளியே தெரியாது. மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் போட்டு, குழாய்க்கு மேலுறை அல்லது எண்ணெய்ப் பாதுகாப்பு வால்வு வைத்தாக வேண்டும் என்று 2011 செப்டம்பர் 30 வரை கெடு கொடுத்தது. நியூ ஜெர்சியிலும் வீட்டைச் சோதிக்க வரும் நல்ல இன்ஸ்பெக்டர் இந்தக் குழாயைப் பார்ப்பார். உறை போட்ட புதுக் குழாய்க்குப் பெரிய செலவில்லை.

இன்னொன்று, விசில். டேங்கில் எண்ணெய் ஏறும்போது உள்ளேயிருக்கும் காற்று வென்ட் பைப் வழியாக வெளியேறும், வழியில் இருக்கும் சிறு விசில் ஊதிக்கொண்டே இருக்கும். அது நின்றால் டேங்க் நிறைந்தது என்று வெளியே நிற்கும் லாரிக்காரருக்குத் தெரியும். அவருக்கு உள்ளே நடப்பதைக் காட்ட வேறு கண் கிடையாது. வென்ட் குழாயில் பூச்சி கூடு கட்டி அடைத்திருந்தால் விசில் ஊதாது, காற்றும் போகாது. அடுத்த முறை நிரப்ப வரும்போது விசில் ஒழுங்காகக் கேட்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கிறது. உள்ளே எப்படி அரிக்கும்?

தண்ணீர்தான் காரணம். பாதி காலியான டேங்கின் மேல்பாதியில் காற்று நிற்கிறது. வெக்கையும் குளிரும் மாறி மாறி வரும்போது அந்தக் காற்றின் ஈரம் இரும்பில் வியர்வை போல் படிந்து கீழே இறங்கும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் அது அடியில் போய்த் தங்கும். பல வருட மண்டியும் அங்கேதான் கிடக்கிறது. தண்ணீரும் மண்டியும் சேர்ந்த இடத்தில் இரும்பு மெதுவாகக் கரையும். எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அதைத் தடுக்காது.

சோதிப்பது சுலபம். நீளக் குச்சியின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி, மேலேயிருக்கும் திறப்பு வழியாக அடிவரை இறக்குவார்கள். தண்ணீர் பட்ட உயரம்வரை பசை நிறம் மாறிவிடும். ஆயில் கம்பெனியின் சர்வீஸ் ஆள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். இரும்பின் தடிமனை வெளியிலிருந்தே ஒலியலையால் அளக்கும் கருவியும் உண்டு. பழைய டேங்கை அப்படியே விட்டு விற்கிறீர்கள் என்றால் அந்த அளவு எழுதிய காகிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

மண்ணுக்குள் இருக்கும் டேங்க் இன்னும் ஓடுகிறது. சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் போதுமா, எடுத்துவிட வேண்டுமா?

எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். டேங்கில் காற்றழுத்தமோ உறிஞ்சு அழுத்தமோ வைத்துச் சோதிக்கிறார்கள், சுற்றியுள்ள மண்ணைத் துளைத்து எடுத்தும் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை இன்றைக்குக் கசிகிறதா என்று மட்டும்தான் சொல்லும். அறுபது வருட இரும்பு நாளைக்கு என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. துரு மட்டுமே அடைத்துக்கொண்டிருக்கும் ஊசித்துளை அழுத்தத்தில் திறந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. வாங்குகிறவரின் வக்கீல், அதாவது அட்டர்னி, எப்படியும் எடுக்கத்தான் சொல்வார், பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் மண்ணுக்குள் டேங்க் இருந்தால் பாலிசியே தருவதில்லை. சோதனைக்குக் கொடுக்கும் பணத்தை எடுப்பதற்குக் கொடுக்கலாம்.

முன்னால் இருந்தவர் டேங்கில் மணல் நிரப்பி மூடிவிட்டார். பெர்மிட் காகிதமும் இருக்கிறது. அது போதாதா?

சுத்தம் செய்து மணலோ ஃபோமோ நிரப்பி அங்கேயே விடுவது அனுமதிக்கப்பட்ட முறைதான், அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் அப்போது சுற்றியுள்ள மண்ணை எடுத்து லேபில் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. பல பழைய கோப்புகளில் அந்த அறிக்கை இருக்காது. மூடுவதற்கு முன்பே கசிந்திருந்தால் மணலுக்கு அது தெரியாது. அறிக்கை இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இப்போது மண் மாதிரி எடுங்கள், அல்லது மணலோடு சேர்த்து வெளியே எடுக்கத் தயாராகுங்கள். மணல் நிரம்பிய டேங்கை எடுக்கக் கூலி சற்று அதிகமாகும்.

எடுக்கும் நாளில் என்ன நடக்கும்?

அதற்கு முன் இரண்டு வேலைகள். டவுன்ஷிப்பில் பெர்மிட் வாங்க வேண்டும், அதை ஒப்பந்தக்காரரே பார்த்துக்கொள்வார். மண்ணுக்குள் ஓடும் கேஸ், மின்சாரக் குழாய்களைக் குறித்துக்கொடுக்க 811-க்கு அழைக்க வேண்டும். தோண்டும் நாளுக்கு மூன்று முழு வேலை நாட்களாவது முன்பு.

எங்கள் வீட்டில் காலை ஏழரைக்குச் சிறிய எக்ஸ்கவேட்டரோடு வந்தார்கள். புல்லைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு டேங்கின் மேற்புறம் தெரியும்வரை தோண்டினார்கள். மேல்தகட்டில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வெட்டித் திறந்து, மிச்ச எண்ணெயையும் மண்டியையும் பம்ப் போட்டு உறிஞ்சி, உள்ளே இறங்கித் துடைத்தார்கள். பிறகு சங்கிலி கட்டித் தூக்கி, தார்ப்பாயின் மேல் உருட்டி, ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார்கள். நாலடி விட்டம், ஆறடி நீளம். சுரண்டிய ஆள் அதன் அடிப்பக்கத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். பட்டாணி அளவில் ஐந்து ஓட்டைகள். குழியின் அடியில் மண் சாம்பல் கலந்த கருப்பு, பெட்ரோல் பங்கில் நிற்பது போன்ற நெடி.

டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து டேங்கையும் குழியையும் நேரில் பார்க்கும்வரை மூடக்கூடாது. டேங்க் சுத்தமாக இருந்தால் அன்றைக்கே அவர் ஒப்புதல் கொடுத்து, குழியில் நல்ல மண் போட்டு மாலைக்குள் வேலை முடிந்துவிடும். பலருக்கும் அப்படித்தான் முடிகிறது, எங்கள் கதையைக் கேட்டுக் கலங்க வேண்டாம். சுத்தமான டேங்க் என்றாலும் குழியிலிருந்து மண் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாங்குகிறவர் இரண்டாம் முறை கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அந்த ஒரு தாள் போதும்.

கசிந்திருந்தால்?

மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறைக்கு, எல்லாரும் டிஇபி என்று சொல்வார்களே, அதற்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவசர எண் 1-877-927-6337. ஒப்பந்தக்காரரே அழைத்துவிடுவார். ஒரு வழக்கு எண் கொடுப்பார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி எல்லாக் காகிதத்திலும் அது இருக்கும்.

பிறகு கெட்ட மண்ணைத் தோண்டி, அதற்கான இடத்துக்கு லாரியில் அனுப்பி, சுற்றிலும் மாதிரி எடுத்து, சுத்தமான மண் வரும்வரை தொடர்வார்கள். மண்ணோடு நின்றால் கடவுள் புண்ணியம். நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் கண்காணிப்புக் கிணறு போட்டு, மாதக்கணக்கில் நீரைச் சோதிக்க வேண்டிவரும். எல்லாம் முடிந்ததும் டிஇபி, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று ஒரு கடிதம் கொடுக்கும். இங்கே எல்லாரும் அதை என்எஃப்ஏ லெட்டர் என்பார்கள். வீடு விற்கும்போது பத்திரத்துக்கு அடுத்து அதைத்தான் கேட்பார்கள். கசிவுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் நியூ ஜெர்சியின் 1976-ம் வருட ஸ்பில் சட்டம் கடுமையானது. நான் ஊற்றவில்லை, பழைய வீட்டுக்காரர் காலத்து டேங்க் என்று சொல்லிச் சுலபமாக நழுவ முடியாது. அதனால்தான் வாங்குகிறவர்களும் இவ்வளவு பயப்படுகிறார்கள்.

வீட்டு இன்சூரன்ஸ் கொடுக்குமா?

உங்கள் சொந்த நிலத்தின் மண்ணைச் சுத்தம் செய்யப் பெரும்பாலான பாலிசிகள் கொடுக்காது. நிலத்தடி நீரோ பக்கத்து வீட்டு நிலமோ கெட்டிருந்தால் சில பாலிசிகளில் வழி உண்டு. கசிவு எந்த வருடங்களில் நடந்தது என்பதைப் பொறுத்து அந்தக் காலத்துப் பழைய பாலிசியும் பொருந்தலாம். அதனால் பழைய பாலிசிக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கசிவு தெரிந்த அன்றே கம்பெனிக்குத் தெரிவியுங்கள், தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

உள்ளது உள்ளபடி என்று ஒப்பந்தம் போட்டு, எதுவும் சொல்லாமல் விற்றுவிடலாமா?

கூடாது. 2024-லிருந்து விற்கிறவர் வீட்டு நிலைமை பற்றிய படிவத்தை நிரப்பித்தான் தரவேண்டும். நிலத்தடி டேங்க் இப்போது இருக்கிறதா, முன்பு இருந்ததா என்று அதில் கேள்வியே இருக்கிறது. தெரிந்தும் மறைத்தால் விற்ற பிறகும் வழக்கு தேடி வரும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வீட்டுக்கு வரப்போவது உங்களைப்போல் கடன் வாங்கிக் குழந்தைகளோடு வரும் ஒரு குடும்பம். நமக்கு நடந்ததை அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்?

கசியாத டேங்கை எடுக்கச் சில ஆயிரம் டாலருக்குள். பெர்மிட்டோடு சேர்த்துச் சில வாரங்கள். கசிந்திருந்தால் பத்தாயிரங்களில் போகும், மாதங்கள் ஆகும். நிலத்தடி நீர் சேர்ந்தால் அதற்கும் மேல். வசந்தத்தில் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் முந்தைய இலையுதிர்காலத்திலேயே பாருங்கள். உறைந்த மண்ணைத் தோண்டுவது யாருக்கும் பிடிக்காது.

டேங்கில் மிச்சமிருக்கும் எண்ணெய் யாருக்கு?

ஓடும் டேங்கோடு விற்றால் அது உங்கள் பணம். க்ளோசிங்குக்கு, அதாவது பணம் கொடுத்து வீடு கைமாறும் நாளுக்கு, சில நாள் முன் ஆயில் கம்பெனி ஆள் குச்சி விட்டு அளந்து, எத்தனை கேலன், அன்றைய விலை என்ன என்று எழுதிக்கொடுப்பார். வாங்குகிறவர் அந்தத் தொகையைக் க்ளோசிங்கில் தருவார். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லி அட்டர்னியிடம் நினைவூட்டுங்கள். இங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தை அட்டர்னி பார்த்து மாற்றம் சொல்ல மூன்று வேலை நாள் அவகாசம் இருக்கிறதே, அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பேஸ்மெண்ட் டேங்கை எடுத்தாயிற்று. வெளியே நீட்டும் பைப்பை அப்படியே விடலாமா?

விடவே கூடாது. டேங்க் போய், ஃபில் பைப் மட்டும் சுவரில் நிற்கிறது. பழைய ஆர்டர் ரத்தாகாமல், அல்லது வீட்டு எண் மாறி, ஒரு லாரிக்காரர் வந்து குழாயை மாட்டி எண்ணெயைத் திறந்துவிடுகிறார். எண்ணெய் நேராகப் பேஸ்மெண்டில் கொட்டுகிறது. இப்படி இங்கே உண்மையிலேயே நடந்திருக்கிறது, வீடே இடிக்கவேண்டிய நிலைக்குப் போயிருக்கிறது. டேங்க் போகிற அன்றே ஃபில், வென்ட் இரண்டையும் பிடுங்கி, சுவர் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். மூடியை இறுக்கித் திருகினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆயில் கம்பெனிக்கு அழைத்துக் கணக்கை மூடி, மூடியதை எழுத்தில் வாங்குங்கள்.

டொரண்டோவில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் ஆயில் டேங்க்தான். அங்கேயும் இதே விதியா?

பார்க்கவேண்டிய இரும்பும் துருவும் ஒன்றுதான், விதிகள் வேறு. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் மண்ணுக்குள் இருக்கும் டேங்கை, எரிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் டிஎஸ்எஸ்ஏ என்ற அமைப்பிடம் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணெய் விற்கும் கம்பெனியும் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது முழுப் பரிசோதனை நடந்த டேங்குக்குத்தான் எண்ணெய் ஊற்றலாம். அக்காவிடம் கடைசிப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு யாரை வைப்பது?

தேடிப் பார்க்க ஒருவர், எடுக்க இன்னொருவர் என்று பிரித்து வையுங்கள். ஸ்வீப் செய்கிறவரே தோண்டுகிறவராகவும் இருந்தால், அவருக்கு டேங்க் கிடைத்தால்தான் வேலை. எடுக்கிறவரிடம் நிலத்தடி டேங்க் வேலைக்கான டிஇபி உரிமம் இருக்கிறதா என்று எண்ணோடு கேளுங்கள். கசிந்திருந்தால் கூடுதல் மண்ணுக்கு டன்னுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்களிடம் வந்தவர் முதலில் அதை எழுதித் தரவில்லை. குழி திறந்து கிடக்க, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்க, அவர் விலை சொன்னபோது மறுக்க எங்களுக்கு வழியில்லாமல் போனது.